அடித்தும் பூச்சி கேட்கவில்லையா? காய்கறிச் செடியில் இயற்கை மருந்து எங்கே தவறுகிறது என்று கண்டுபிடிக்கும் வழி

வேப்பெண்ணெய் அடித்தேன், பவேரியா என்ற பூஞ்சை மருந்து அடித்தேன், இஞ்சி பூண்டு கரைசலும் அடித்தேன், ஒன்றுக்கும் பூச்சி கேட்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: என்ன பூச்சி? "ஏதோ புழு", "வெள்ளையா ஏதோ ஒட்டிக்கிட்டு இருக்கு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ரசாயன மருந்துகளில் பல, பட்டதும் கொல்லும் ரகம்; என்ன பூச்சி என்று பார்க்காமல் அடித்தாலும் ஏதோ ஒன்று செத்து விழும். உயிரி மருந்தும் தாவர மருந்தும் அப்படிக் கிடையாது. ஒவ்வொன்றும் சில பூச்சிகளை மட்டும், அதுவும் அந்தப் பூச்சி ஒரு குறிப்பிட்ட பருவத்தில் இருக்கும்போது, தனக்கென்று உள்ள வழியில்தான் பிடிக்கும். பொருத்தம் சரியாக இருந்தால் நன்றாக வேலை செய்யும், இல்லாவிட்டால் தண்ணீர் தெளித்த கணக்குதான்.

அதனால் கீழே மருந்து வாரியாக எழுதாமல், தோட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, எந்தப் பாட்டிலைத் திறப்பதற்கும் முன்னால் ஒரு பத்துச் செடியிலாவது இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். காலை வெயில் ஏறுவதற்கு முன் பார்ப்பது நல்லது. கண் தெரியவில்லை என்றால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், அதுவே போதும்.

அடித்து இரண்டு நாள் ஆகியும் புழு உயிரோடு இருக்கிறது

இது தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். மருந்து எது என்பதைப் பொறுத்துப் பார்க்க வேண்டிய அடையாளம் மாறும்.

வேப்பங்கொட்டைக் கரைசலோ, அசாடிராக்டின் என்று எழுதியிருக்கும் கடை மருந்தோ அடித்திருந்தால், அது புழுவை உடனே கொல்வதற்கான மருந்தே இல்லை. தின்ன விடாமல் செய்யும், முட்டையிட வரும் தாய்ப்பூச்சியைத் தள்ளி வைக்கும், புழு தோலுரிக்கும்போது அந்த வளர்ச்சியைக் குலைக்கும். ஆகவே இரண்டாம் நாள் புழுவை எண்ணாமல் கடித்த தடத்தைப் பாருங்கள். இலையில் புதுக்கடி, ஈரமான பச்சை எச்சம் இரண்டும் குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. நாலைந்து நாளில் பாதி உரித்த தோலோடு சுருங்கிய புழுக்கள் கிடைக்கும்.

பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் அடித்திருந்தால், புழு அந்த இலையைத் தின்றாக வேண்டும். அதன் குடல் காரத்தன்மை உள்ளது, அந்தக் காரத்தில்தான் பாக்டீரியாவின் படிகப் புரதம் கரைந்து குடல் சுவரை உடைக்கிறது. சில மணி நேரத்தில் தின்பது நின்றுவிடும், சாவதற்கு இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். செத்த புழு துவண்டு கருத்து, தொட்டால் நசுங்கும். இலைமேல் அசையாமல் மந்தமாக உட்கார்ந்திருக்கும் புழுவைப் பார்த்து "இன்னும் சாகவில்லையே" என்று மறுபடி அடிப்பது வீண் செலவு.

என்.பி.வி. வைரஸ் கரைசல் என்றால் ஒரு வாரம் வரை பொறுக்க வேண்டும். அதன் அடையாளம் மறக்க முடியாதது. நோய் பிடித்த புழு செடியின் உச்சிக்கு ஏறிப்போய், பின்கால்களால் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிச் சாகும், உள்ளே எல்லாம் நீராகிவிடும். அப்படித் தொங்கும் புழுவைப் பிடுங்கி எறிய வேண்டாம், உடைந்து வழியும் நீரில் அடுத்த புழுக்களுக்கான வைரஸ் இருக்கிறது.

பவேரியா, மெட்டாரைசியம், வெர்டிசிலியம் மூன்றும் பூஞ்சைகள். பூச்சி இவற்றைத் தின்ன வேண்டியதில்லை, வித்து உடம்பில் பட்டு முளைத்துத் தோலைத் துளைத்து உள்ளே போக வேண்டும். அதற்கு ஐந்தாறு நாளாவது ஆகும், ஈரம் குறைவாக இருந்தால் இன்னும் கூடும். ஈரம் இருந்தால் செத்த பூச்சியின் மேல் பவேரியா வெள்ளை மாவாகவும் மெட்டாரைசியம் பச்சையாகவும் பூத்து நிற்கும்.

இதற்கு நேர்மாறான அறிகுறி ஒன்றும் உண்டு. "இயற்கை மருந்து" என்று விற்ற பாட்டிலை அடித்த ஒரு மணி நேரத்தில் புழு, அசுவினி, வண்டு, சிலந்தி எல்லாம் ஒட்டுமொத்தமாகச் செத்து விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள். ரசாயனம் கலந்த சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். வேம்பு, பி.டி., பவேரியா, என்.பி.வி. எல்லாமே 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் பெற்று விற்க வேண்டியவை. லேபிளில் பதிவு எண், செயல்படும் பொருளின் பெயர், அளவு, காலாவதித் தேதி நாலும் இல்லாத பாட்டிலை வாங்க வேண்டாம். காயை நாமும் நம் பிள்ளைகளும்தான் சாப்பிடப்போகிறோம்.

ஒரு வாரம் கழித்தும் எந்த மாற்றமும் இல்லை

சரி, இப்போது உண்மையாகவே எங்கோ தவறு. இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் பொருத்தம். காய்கறிக்கு நாம் வாங்கும் பி.டி. குர்ஸ்டாகி வகை, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனப் புழுக்களுக்கு மட்டும்தான். அசுவினி, வெள்ளை ஈ, வண்டு எதற்கும் கேட்காது. என்.பி.வி. இன்னும் குறுகலானது, பச்சைக் காய்ப்புழுவுக்கான வைரஸ் புரொடீனியா என்ற புகையிலைப் புழுவைத் தொடாது, அதற்குத் தனி வைரஸ்.

அடுத்தது புழுவின் வயது. அரை அங்குலத்துக்குள் இருக்கும் இளம் புழுதான் இந்த மருந்துகளுக்குச் சரியான இலக்கு. விரல் நீளத்துக்கு வளர்ந்த புழுவைக் கையால் பொறுக்குங்கள், வேறு வழி தேட வேண்டாம்.

பிறகு நேரம். அசாடிராக்டின், பி.டி., என்.பி.வி., பூஞ்சை வித்து எல்லாவற்றையும் வெயிலின் புறஊதாக் கதிர் சிதைத்துவிடும். காலை 10 மணிக்கு அடித்துவிட்டுப் போனால் சாயங்காலத்துக்குள் பாதிச் சக்தி போயிருக்கும். மாலை 4 மணிக்கு மேல் அடியுங்கள், இரவு முழுக்க அதற்கு வேலை நேரம். என்.பி.வி. கரைசலில் கொஞ்சம் வெல்லம் சேர்ப்பது புழு அதிகம் தின்பதற்காக.

அப்புறம் அடித்த இடம். பூச்சி இலைக்கு அடியில் இருக்க, மருந்து இலைக்கு மேல் இருந்தால் இரண்டும் சந்திக்கப் போவதில்லை. நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள்.

பூஞ்சை மருந்து என்றால் ஈரத்தையும் சரக்கின் உயிரையும் பாருங்கள். பங்குனி சித்திரையில் காற்று காய்ந்து கிடக்கும்போது பவேரியா அடித்துவிட்டு ஐப்பசி மழையில் கிடைத்த பலனை எதிர்பார்க்கக் கூடாது. கோடையில் அடித்தே ஆக வேண்டும் என்றால் அன்று பகலில் நல்ல தண்ணீர் பாய்ச்சி, சூரியன் இறங்கிய பிறகு அடியுங்கள். பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு 10 கோடி வித்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் வரை அளவு. கடையில் தகரக் கூரைக்கு அடியில் மாதக்கணக்கில் வெந்துகொண்டிருந்த பொட்டலம் என்றால் தேதி முடியாவிட்டாலும் உள்ளே உயிர் இருக்காது. இது எல்லாவற்றையும் விட அடிக்கடி நடக்கும் தவறு, பூஞ்சைக் கொல்லியோடு சேர்த்து அடிப்பது. மாங்கோசெப்போ காப்பர் மருந்தோ அடித்த தொட்டியில் பவேரியாவைக் கலந்தால், அதுவும் பூஞ்சைதானே, அதையும் கொன்றுவிடும். நடுவில் ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

கடைசியாகக் கரைசலின் தரம். வேப்பங்கொட்டைக் கரைசல் வீட்டிலேயே போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது கொட்டையின் வயது. ஆனி, ஆடியில் விழும் பழத்தைப் பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான சாக்கில் வைத்தது மூன்று மாதத்துக்கு மேல் எட்டு மாதத்துக்குள் இருக்க வேண்டும். வெயிலில் காயவைத்த கொட்டையும், பூசணம் பிடித்த கொட்டையும், போன வருஷத்துக் கொட்டையும் கசக்கும், ஆனால் பூச்சியிடம் எடுபடாது. 10 லிட்டர் தொட்டிக்கு ஓடு நீக்கிய பருப்பு அரை கிலோ. ஓட்டோடு போடுவதாக இருந்தால் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் எடுங்கள். ஒன்றிரண்டாக இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் மரக்குச்சியால் பால் நிறம் வரும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி 10 லிட்டராக்க வேண்டும். காதி சோப்பு 20 கிராம் சீவிக் கரைத்துச் சேர்த்து அன்றைக்கே அடித்துவிடுங்கள், மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கடை மருந்தில் நடக்கும் குழப்பம் வேறு. 300 பி.பி.எம்., 1500 பி.பி.எம்., 10,000 பி.பி.எம். என்று மூன்று செறிவில் அசாடிராக்டின் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே மூடி அளவு ஊற்றினால் ஒன்றில் பலன் இருக்காது, இன்னொன்றில் இலை பொசுங்கும். 300 பி.பி.எம். என்றால் லிட்டருக்கு 5 மில்லி, 10,000 பி.பி.எம். என்றால் 2 மில்லி என்ற கணக்கில் வரும். உங்கள் பாட்டிலின் லேபிள் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

எண்ணெய் மேலே மிதக்கிறது, நாசில் அடைக்கிறது

தண்ணீரில் எண்ணெயை ஊற்றிவிட்டுப் பிறகு சோப்பு போட்டால் இப்படித்தான் ஆகும். முதலில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் சின்ன மக்கில் வெண்ணெய் நிறம் வரும்வரை அடித்துக் கலந்து, பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அப்படியும் பிரிந்தால் உங்கள் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். நுரை கட்டாத தண்ணீரில் சோப்பு வேலை செய்யாது, காரத்தன்மை அதிகமான தண்ணீரில் அசாடிராக்டினும் சீக்கிரம் சிதையும். மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஒரு குடம் தனியாக எடுத்து வையுங்கள். அடிக்கும்போதும் தொட்டியை அடிக்கடி குலுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வரிசைக்கு வெறும் தண்ணீரும் கடைசி வரிசைக்கு வெறும் எண்ணெயும் போகும்.

அடித்த மறுநாள் இலை கருகிவிட்டது

எண்ணெய் அதிகம், அல்லது வெயிலில் அடித்தது, அல்லது துணி சோப்புத்தூள் போட்டது. பூசணி, பாகல், வெள்ளரி, பீர்க்கு இலைகள் எண்ணெயைத் தாங்காத ரகம். எந்தக் கரைசலாக இருந்தாலும் ஓரத்தில் இரண்டு மூன்று செடிக்கு மட்டும் அடித்து ஒரு நாள் பார்த்துவிட்டு மற்றதற்கு அடியுங்கள். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் கருகும்.

இலை கருகாமல் நாடா மாதிரி நீண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் பழி வேப்பெண்ணெய்மேல் இல்லை, களைக்கொல்லி அடித்த தொட்டியில் மருந்து கலந்திருக்கிறீர்கள் அல்லது பக்கத்து வயலில் இருந்து களைக்கொல்லி காற்றில் வந்திருக்கிறது. களைக்கொல்லிக்குத் தனித் தொட்டி வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு தீர்வு இல்லை.

கத்தரியில் நுனி வாடித் தொங்குகிறது, காயில் ஓட்டை

தண்டு மற்றும் காய்த்துளைப்பான். கத்தரி போடும் எல்லோருக்கும் தலைவலி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வாடிய நுனியை ஒடித்து நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்ளே எச்சம் நிறைந்த சின்னக் குகையும், அதன் முடிவில் வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு புழுவும் இருக்கும். வாடாத நுனியைப் பிளந்தால் ஒன்றும் இருக்காது, எனவே வாட்டம்தான் நமக்குக் கிடைக்கும் முதல் தகவல். முட்டையிலிருந்து வெளிவந்த புழு கொஞ்ச நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். உள்ளே போன புழுவுக்கு நீங்கள் வெளியே என்ன அடித்தாலும் தெரியாது. பி.டி.யானாலும் சரி, வேம்பானாலும் சரி, ரசாயனமானாலும் சரி. ஆகவே இங்கே "எந்த மருந்து" என்ற கேள்வியே இரண்டாம் பட்சம்.

செய்ய வேண்டியது, வாடிய நுனிகளை வாரம் இரண்டு முறை ஒரு அங்குலம் கீழே வைத்துக் கிள்ளி ஒரு பையில் போட்டு வெளியே கொண்டு போவது. வரப்பில் போட்டால் புழு வெளியே வந்து மண்ணில் உதிர்ந்த சருகுக்குள் கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்ப வரும். ஓட்டை விழுந்த காயையும் அப்படியே. இத்துடன் ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, கத்தரிக்கான லூர் (ஆண் அந்துப்பூச்சியை இழுக்கும் வாசனைப் பொருள்) கேட்டு வாங்கி, பயிர் உயரத்துக்குச் சற்று மேலே கட்டுங்கள். பொறியில் அந்துப்பூச்சி விழ ஆரம்பித்ததும் வேப்பங்கொட்டைக் கரைசலை ஆரம்பித்து, வாரம் ஒரு முறை மாலையில் இளநுனியும் பூவும் காம்பும் நனைய அடித்தால், முட்டையிடுவதும் குறையும், பொரித்த புழு நுழைவதற்கு முன் அதன் மேல் மருந்தும் படும். பக்கத்துத் தோட்டத்தில் பழைய கத்தரி, அறுவடை முடிந்து கவனிப்பாரில்லாமல் நின்றால் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். அண்ணன்தம்பி நிலமாக இருந்தால் பேசிப் பிடுங்க வையுங்கள்.

கத்தரி இலையின் ஓரம் அரை வட்டமாகக் கடிபட்டு, தட்டினால் சாம்பல் நிற வண்டு கீழே விழுந்து செத்த மாதிரி கிடந்தால் அது வேறு கதை, அது மூக்கு வண்டு. கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

தக்காளிக் காயில் ஓட்டை

ஓட்டையின் அளவைப் பாருங்கள். பென்சில் நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை, புழுவின் பாதி உடம்பு வெளியே இருந்தால் பச்சைக் காய்ப்புழு. இதற்கு என்.பி.வி. நல்ல மருந்து, ஏக்கருக்கு 100 எல்.இ. (வைரஸின் அளவைச் சொல்லும் அலகு) கணக்கில், பூக்கும் பருவத்திலேயே தொடங்க வேண்டும். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வையுங்கள், ஆனால் செண்டுமல்லி நாற்று 40 நாளுக்கு மேலும் தக்காளி நாற்று 25 நாளும் இருக்கும்படி நட்டால்தான் இரண்டும் சேர்ந்து பூக்கும், அந்துப்பூச்சி செண்டுமல்லியைத் தேடிப்போகும். பூ பறிக்கும்போது மொட்டில் உள்ள முட்டையும் புழுவும் சேர்ந்தே போய்விடும், பூவும் விலையாகும்.

குண்டூசி முனை அளவு ஓட்டைகள், காம்பை ஒட்டி, கூடவே இலையில் கண்ணாடி மாதிரிப் பெரிய திட்டுகள் இருந்தால் டூட்டா என்ற ஊசிப்புழு. தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி 2014இல் மகாராஷ்டிராவில் கண்டறியப்பட்டு இங்கே பரவியது. இதற்குப் பச்சைக் காய்ப்புழுவின் என்.பி.வி. கேட்காது. திட்டு விழுந்த இலையைக் கிள்ளுவது, டூட்டாவுக்கான தனி லூர், வேம்பு, பி.டி. இவற்றைத் திட்டு சின்னதாக இருக்கும்போதே தொடங்க வேண்டும். இலையில் திட்டாக இல்லாமல் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால் அது இலைத்துளைப்பான் ஈ, காயை ஒன்றும் செய்யாது, அடி இலையைக் கிள்ளிப்போட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் ஒரு தடவை அடித்தால் போதும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையில் சன்னல் வைத்த மாதிரி ஓட்டைகள்

இலையைத் தொட்டதும் சின்னப் பச்சைப் புழு துள்ளிக்கொண்டு நூலில் தொங்கினால் வைர முதுகு அந்துப்பூச்சி. பி.டி. இதற்கு நன்றாகக் கேட்கும், ஆனால் அதையே வாரா வாரம் அடிக்காதீர்கள். வயலில் பி.டி.க்கே எதிர்ப்புச் சக்தி பெற்றதாக முதலில் பதிவான பூச்சி இதுதான், ஹவாய்த் தீவுகளில், 1990இல். ஒரு முறை பி.டி. என்றால் அடுத்த முறை வேப்பங்கொட்டை, இப்படி மாற்றி மாற்றி. 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு, ஒன்றை நடவுக்கு 15 நாள் முன்பும் மற்றதை நடவுக்குப் பின் 25 நாளிலும் விதைத்தால் பெரும்பாலான அந்துப்பூச்சி கடுகில் போய் முட்டையிடும், அங்கே மட்டும் அடித்தால் செலவும் குறைவு. கோஸ் இலையில் மெழுகு இருப்பதால் சோப்பு சேர்க்காத கரைசல் உருண்டு ஓடிவிடும். பக்கத்தில் மல்பெரி இருந்தால் பி.டி. வேண்டாம், பவேரியாவும் வேண்டாம். பட்டுப்புழுவும் புழுதான், பவேரியாவை முதன்முதலில் அறிந்துகொண்டதே பட்டுப்புழு நோயாகத்தான்.

மிளகாய் இலை சுருண்டுவிட்டது

எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது? ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகு மாதிரி இருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பு நீண்டு, இலை கரும்பச்சையாகத் தடித்திருந்தால் முரணைச் சிலந்தி. இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்து ஏமாறுகிறவர்கள்தான் அதிகம்.

இலைப்பேனுக்கு நீல ஒட்டு அட்டை, வேம்பு, ஈரமான பருவத்தில் வெர்டிசிலியம் அல்லது பவேரியா. பூவைக் கிள்ளி வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், கருப்பாகச் சின்னச் சின்னதாக நிறைய ஓடினால் அது 2015இல் இந்தியாவில் பப்பாளியில் கண்டறியப்பட்டு, 2021இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயைச் சூறையாடிய புதிய இலைப்பேன். பூவுக்குள் அடைந்து கிடப்பதால் இலைக்கு அடித்துப் பயனில்லை, பூவும் நனைய வேண்டும், தேனீ போன பிறகு மாலையில். யூரியாவை அள்ளிப் போடுவதை நிறுத்துங்கள், தளதளவென்ற இலைதான் அதற்கு விருந்து.

சிலந்தி பூச்சி இனமே இல்லை. நனையும் கந்தகம் லேபிள் அளவில், வெயில் தணிந்த நேரத்தில்.

இரண்டும் இல்லாமல் இலை சுருண்டு சிறுத்து மஞ்சளடித்துச் செடி குட்டையாகவே நின்றால் வைரஸ். அடுத்த பகுதியில் வெண்டைக்குச் சொல்வதுதான் இதற்கும்.

வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சள்

நேராகச் சொல்கிறேன், இதற்கு மருந்து கிடையாது. மஞ்சள் நரம்புத் தேமல் ஒரு வைரஸ், வெள்ளை ஈ கொண்டு வருகிறது. வேப்பெண்ணெயோ மோரோ எதுவும் நோய் வந்த செடியைப் பழையபடி ஆக்காது. இளம் பயிரில் தெரிந்தால் அன்றைக்கே பிடுங்கி எடுத்துவிடுங்கள். மற்ற செடிகளைக் காப்பாற்ற ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டு அட்டை, இலை அடியில் வேப்பெண்ணெய், அடுத்த முறை நோய் எதிர்ப்புள்ள ரகம், சுற்றிலும் முன்கூட்டியே விதைத்த மக்காச்சோள வரப்பு.

வெள்ளையாக மாவு, கூடவே எறும்பு, இலையில் கருப்புப் படிவு

மூன்றும் ஒரே சங்கதிதான். மாவுப்பூச்சியும் அசுவினியும் சாறு உறிஞ்சி இனிப்பான கழிவை விடுகின்றன, எறும்பு அதைக் குடிக்க வருகிறது, மிச்சத்தில் கரும்பூசணம் வளர்கிறது. எறும்பு தனக்குத் தீனி தரும் பூச்சியைக் காவல் காக்கும், அதைத் தின்ன வரும் நல்ல பூச்சியை விரட்டும். எனவே எறும்பை முதலில் நிறுத்துங்கள், புற்றைக் கிளறி வேப்பம்புண்ணாக்குக் கரைசல் ஊற்றலாம், மண்ணில் படும் கிளைகளை வெட்டலாம். பிறகு தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, மறுநாள் மாலை சோப்புக் கலந்த வேப்பெண்ணெய். மாவு இருக்கும்வரை எண்ணெய் உடம்பில் ஒட்டாது. கருப்புப் படிவுக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து அடித்தால் காய்ந்து செதிலாக உதிரும்போது பூசணத்தையும் எடுத்துக்கொண்டு போகும்.

ஆனால் அடிப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தில், மற்றவற்றைவிடப் பெரிதாக, மெழுகு நூல்கள் நீளநீளமாகத் தொங்க, விறுவிறுவென்று ஓடும் ஒன்று இருந்தால் அது மாவுப்பூச்சி இல்லை. கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்பதற்காகவே அங்கே இருக்கிறது, 1898லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைத்தான் நிறையப் பேர் "பெரிய மாவுப்பூச்சி" என்று தேடித்தேடி நசுக்குகிறார்கள். இலையில் மயிரிழை போன்ற காம்பின் நுனியில் வெள்ளைப் புள்ளி நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை, அதன் புழுவும் அசுவினியைத் தின்னும். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பி, வைக்கோல் நிறத்தில், அசையாமல் ஒட்டியிருந்தால் அவற்றுக்குள் குளவி முட்டையிட்டுவிட்டது என்று அர்த்தம், பின்புறம் வட்டமாக ஓட்டை தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது. இவை நாலில் ஒரு பங்கு செடியிலாவது தெரிந்தால் மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தபோது, எத்தனை மருந்து அடித்தும் நிற்கவில்லை. 2010இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற கடுகளவும் இல்லாத ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

புகையிலைக் கஷாயம் பற்றிக் கேட்பீர்கள். அசுவினி சாகும், உண்மைதான். ஆனால் நிகோடின் மனிதருக்கும் கடும் விஷம், அடிக்கும்போது தோல்வழியாகவே ஏறும். போதாததற்குப் புகையிலைத் தேமல் வைரஸ் அந்தத் தூளிலிருந்து தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். காய்கறியில் வேண்டாம். கீரையில் ஊமத்தை சேர்த்த கரைசலும் வேண்டாம், இலையையே அல்லவா சாப்பிடுகிறோம்.

இலை சல்லடையாகச் சுரண்டப்பட்டிருக்கிறது

கத்தரியிலும் பாகலிலும் நரம்பு மட்டும் மிஞ்சி இலை வலைபோல ஆகியிருந்தால் எபிலாக்னா என்ற புள்ளி வண்டு. நல்ல பொறிவண்டு பளபளப்பாக இருக்கும், இது மங்கலான செம்பழுப்பு, மேலே மெல்லிய மயிர், 12 அல்லது 28 கரும்புள்ளி. புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைத்த முள்ளோடு இருக்கும். வண்டு என்பதால் பி.டி. குர்ஸ்டாகி பயன்படாது. இலை அடியில் நிற்கவைத்த மஞ்சள் முட்டைக் குவியலையும் முள் புழுவையும் காலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் அடியுங்கள். அந்த மாதிரி முட்டை நல்ல பொறிவண்டுக்கும் உண்டு, ஆகவே பக்கத்தில் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பாகல், பீர்க்கு, புடலைப் பிஞ்சு கோணி, மஞ்சளாகி, அழுகி விழுகிறது

பழ ஈ. பிஞ்சை அறுத்தால் வெள்ளைப் புழு நெளியும். பொறி கட்டியும் ஒரு ஈ கூட விழவில்லை என்றால் லூரின் பெயரைப் படியுங்கள். மெத்தில் யூஜினால் மா, கொய்யா ஈக்கு. கொடிக்காய் ஈக்குக் கியூ லூர். கடையில் "பழ ஈ பொறி" என்று கேட்டால் முதலாவதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கியூ லூர் கட்டியும் ஆண் ஈ மட்டும்தான் விழும், அதனால் அது போதாது. விழுந்த பிஞ்சை எல்லாம் தினமும் பொறுக்கி பாலிதீன் பையில் கட்டி வெயிலில் வேகவிட வேண்டும், கொடிக்கு அடியில் மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழுவை வெளியே கொண்டுவர வேண்டும், பிஞ்சு விரல் நீளத்தில் இருக்கும்போதே காகித உறை போட்டால் இன்னும் நல்லது. பீர்க்கும் சுரையும் புடலையும் சாயங்காலம்தான் பூ விரிக்கும், ஆகவே இவற்றுக்கு மட்டும் மாலையில் மருந்து அடிப்பதாக இருந்தால் பூ விரிவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

தண்ணீர் விட்டும் செடி வாடுகிறது, இலையில் ஒரு பூச்சியும் இல்லை

இலைக்கு எதையும் அடிக்காதீர்கள், ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. வேர் கடிபட்டு, மண்ணில் காலில்லாத வெள்ளைப் புழு இருந்தால் மேலே சொன்ன மூக்கு வண்டின் புழு. கடைசி உழவில் ஏக்கருக்கு 200 கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டிருந்தால் இரண்டுக்கும் உதவியிருக்கும், இப்போது வண்டின் புழுவுக்கு மக்கிய தொழுவுரத்தில் மெட்டாரைசியம் கலந்து, ஈரம் காயாமல் ஒரு வாரம் நிழலில் வைத்து, செடியைச் சுற்றி மண்ணைக் கீறிப் போட்டு மூடித் தண்ணீர் விடுங்கள். தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் வெள்ளையாகப் பால் இழை இறங்குகிறதா? அது பாக்டீரியா வாடல், பூச்சி மருந்துக்கு அங்கே வேலை இல்லை, செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். முடிச்சு நூற்புழு இருந்த பாத்தியில் அடுத்த போகம் கத்தரி, தக்காளி, வெண்டை மூன்றையும் தவிர்த்துச் செண்டுமல்லியை நெருக்கி நட்டு, பூ முடிந்ததும் வேரோடு அங்கேயே மடக்கி உழுதுவிடுங்கள்.